முத்துக்குப் பங்கு உண்டு, உடலுக்கு?

தூத்துக்குடியில் கடைசியாக முத்துச் சலாபம் நடைபெற்றது 1961-ஆம் ஆண்டில். அப்போது நான் கைக்குழந்தை. எனவே, கடலுக்கு அடியில் இருக்கும் முத்துப் பார்களைப் பற்றி நான் அறிந்தவை எல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டவையும், பின்னாளில் பொருளாதார முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பழைய அறிக்கைகளைப் புரட்டியபோது படித்தவையுமே ஆகும். அந்த அறிக்கைகளுள் ஒன்று 1890-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளித்தலைப் பற்றியும் கடல்வாழ் உயிர்களைப் பற்றியும் பேசும் அதை எழுதியவர் எட்கர் தர்ஸ்டன்.

தமிழறிந்த பெரும்பாலோருக்கு தர்ஸ்டன், தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் ஏழு தொகுதிகளில் தொகுத்தவர். எனக்கோ அவர் முதலில் அறிமுகமானது சிப்பிகளுக்குக் கணக்கு எழுதியவராக. ஒரே மனிதர் முத்தையும் அளந்தார், மனிதரையும் அளந்தார். அந்த இரண்டு அளவைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, இன்றைய மருத்துவ, மரபணு ஆய்வுகள் எதிர்கொள்ளும் அறக்கேள்வி ஒன்றைத் தெளிவாக்குகிறது.

தர்ஸ்டன் 1855-ஆம் ஆண்டில் லண்டனை அடுத்த கியூவில் பிறந்தவர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1877-இல் தகுதி பெற்றார். கெண்ட் மாவட்ட மனநல விடுதி ஒன்றில் மருத்துவராகவும், பின்னர் கிங்ஸ் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் காப்பாளராகவும் பணியாற்றினார். 1885-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பது. மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியலும் கற்பித்தார். 1908 வரை எழும்பூரில் அவர் கழித்த இருபத்து மூன்று ஆண்டுகளில் அவருடைய ஆர்வம் தொடாத துறை குறைவு. பவளம், நட்சத்திர மீன், கடற்பஞ்சு, நாணயம் என்று கிடைத்தவற்றை எல்லாம் சேர்த்தார், வகைப்படுத்தினார், பட்டியலிட்டார்.

1889-இல் தூத்துக்குடியில் நடந்த சலாபத்தை அவர் நேரில் வந்து பார்த்தார். நிலக்காற்றுடன் விடியலுக்கு முன் புறப்படும் தோணிகள், காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கும் பரதவரும் மரைக்காயரும், மேலே கயிற்றைப் பிடித்துக் காத்திருக்கும் துணையாள், சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி என அனைத்தையும் குறித்துக்கொண்டார்.

பொருளாதார மாணவனான என்னைக் கவர்ந்தது பங்கீட்டு முறை. கரைக்கு வந்த சிப்பிகள் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்படும். இரண்டு குவியல்கள் அரசுக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை என்று ஏலம் போகும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பிரிக்கப்படுபவை திறக்கப்படாத சிப்பிகள். எந்தச் சிப்பியில் முத்து இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. பெரும்பாலானவற்றில் ஒன்றும் இராது. ஆயினும் உயிரைப் பணயம் வைத்து இறங்கியவனுக்கு அந்த வாய்ப்பில் மூன்றில் ஒரு பங்கு உரிமை இருந்தது. அது நியாயமான பங்கா என்று வாதிடலாம். பங்கு என்று ஒன்று உண்டு என்பதில் அன்றைய ஆங்கில அரசுக்குக்கூட ஐயம் இருக்கவில்லை.

1894-இல் சென்னை அருங்காட்சியகம் தன் ஆய்விதழைத் தொடங்கியபோது முதல் வெளியீடாக வந்ததும் தர்ஸ்டனின் முத்து, சங்கு குளித்தல் பற்றிய நூலே. ஆனால், அதற்குள் அவருடைய கவனம் கடலிலிருந்து மனிதர்களை நோக்கித் திரும்பியிருந்தது. தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம், தோள், முழங்கை, கைப்பிடியின் வலிமை என அனைத்தையும் அளக்கக் கவராயங்களையும் கருவிகளையும் சுமந்துகொண்டு நீலகிரி, வயநாடு, ஆனைமலை, மைசூர் என்று சுற்றினார். அருங்காட்சியகத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் அளந்தார். சிலருக்குச் சில்லறை கொடுத்தார். காவல் துறையினருக்கு உடலளவு முறையைக் கற்றுக்கொடுத்தார். மூக்கின் அகலத்தைக் கொண்டு இனத்தையும் சாதிப் படிநிலையையும் அறியலாம் என்ற ரிஸ்லியின் கொள்கை கோலோச்சிய காலம் அது. 1901-இல் அரசு தொடங்கிய இனவரைவியல் அளவாய்வுக்குச் சென்னை மாகாணத்தில் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டவர் தர்ஸ்டன்.

அவர் கொடுமைக்காரர் அல்லர். எழுத்தில் நகைச்சுவை உண்டு. தம்மைக் கண்டு மக்கள் அஞ்சிய காட்சிகளைத் தம் பெருநூலின் முன்னுரையில் ஒளிவுமறைவின்றி விவரிக்கிறார். வயநாட்டுப் பணியர் குலப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டனராம். தங்களுள் நன்றாக இருப்பவர்களைப் பிடித்து, விலங்குகளைப் பாடம் செய்வதுபோல் உள்ளே பஞ்சடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்தப் போகிறார் என்று அவர்கள் நம்பினராம். காவலர்களுக்குத் தப்பித் திரிந்த இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று எண்ணி நடுங்கினாராம். இவற்றை தர்ஸ்டன் வேடிக்கைக் கதைகளாக எழுதினார். வாசித்த ஆங்கிலேயரும் சிரித்திருப்பர்.

அந்த அச்சம் அத்தனை அறியாமையா என்பதைத் தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்துகொண்டே சோதித்துப் பார்க்கலாம். தாமிரவருணியின் தென்கரையில், ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த ஆதிச்சநல்லூரின் பரம்பில், நம் முன்னோர் தம் இறந்தோரைத் தாழிகளில் இட்டுப் புதைத்தனர். 1876-இல் ஜெர்மனியின் யாகோர் அங்கு தோண்டி, கிடைத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டு சென்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்து எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. அவற்றுள் மண்டையோடுகளும் இருந்தன. அவற்றின் அளவுகள் தர்ஸ்டனின் முன்னுரையில் இடம்பெற்றுள்ளன. 1930-இல் சக்கர்மன் அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார். வயநாட்டுப் பெண்களை எவரும் பாடம் செய்து நிறுத்தவில்லை என்பது உண்மை. ஆனால், மனித உடலின் பாகங்கள் அருங்காட்சியகத்தின் எண் ஒட்டப்பட்ட பொருள்களாக மாறிக்கொண்டிருந்தன என்பதும் உண்மை. அப்பெண்கள் விவரத்தில் பிழைபட்டனர், அடிப்படையில் அல்ல.

ரங்காச்சாரியின் துணையுடன் தர்ஸ்டன் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. நம் பரதவர் பற்றியும் அதில் நீண்ட பதிவு உண்டு. வழக்கொழிந்த சடங்குகள், தொழில்கள், கதைகள் பலவற்றுக்கு இன்றும் அதுவே சான்று. அதை நாம் நன்றியுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், அவர் தம் வாழ்நாளின் பெரும் உழைப்பைச் செலவிட்ட மூக்களவுகள் எதையும் நிலைநாட்டவில்லை. ஒரே சாதிக்குள்ளேயே அளவுகள் எவ்வளவு விரிந்து பரந்து கிடக்கின்றன என்பதை அவருடைய அட்டவணைகளே காட்டுகின்றன.

தாயகம் திரும்பிய தர்ஸ்டன், கார்ன்வால் பகுதியின் பென்சான்ஸ் நகரில் தங்கி, அங்குள்ள மரஞ்செடிகளைப் பட்டியலிடுவதில் எஞ்சிய காலத்தைக் கழித்தார். 1935-ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். செடிகள் கவராயத்தைக் கண்டு ஓடுவதில்லை.

ஆனால், அவர் விட்டுச் சென்ற மனப்போக்கு இங்கே தங்கிவிட்டது. 1911-இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஒரு சமூகம் முழுவதையும் பிறவியால் வகைப்படுத்தலாம் என்ற எண்ணத்துக்கு அறிவியலின் சாயலைத் தந்தவை உடலளவு ஆய்வுகளும் சாதிப் பட்டியல்களும். 1920 ஏப்ரலில் மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூரில், அச்சட்டத்தின்படி கைரேகை பதிய மறுத்த மக்கள்மீது காவல் துறை சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தம் உடலின் தடத்தைத் தர மறுத்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது. வயநாட்டில் வேடிக்கையாகத் தெரிந்த மறுப்பு, பெருங்காமநல்லூரில் கலகமாகத் தெரிந்தது. இரண்டிலும் மறுப்பு மறுப்பாகக் கேட்கப்படவில்லை.

இதை எழுதும் தகுதி எனக்கு முழுமையாக உண்டு என்று சொல்ல மாட்டேன். 1990-களின் பிற்பகுதியில் நான் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தேன். கடலோரச் சிற்றூர் ஒன்றில் இலவச மருத்துவ முகாம் நடத்தினோம். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆய்வுக் குழு, சர்க்கரை பார்ப்பதற்காக இரத்தம் எடுத்தபோது தன் ஆய்வுக்கென்று கூடுதலாக ஒரு குழாயும் எடுத்துக்கொண்டது. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் விளக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. வரிசை நீண்டுகொண்டே போனது, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் சர்க்கரையைப் பற்றி மட்டும் சொன்னேன். ஆய்வு என்ற சொல்லை விட்டுவிட்டேன்.

வரிசையில் ஒரு மூதாட்டி. கணவர் அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர் என்று சொன்னார்கள். இரண்டாவது குழாயைக் கண்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, சர்க்கரை பார்க்க ஒரு குழாய் போதுமே, மற்றது எங்கே போகிறது என்று கேட்டார். இரத்தத்தை விற்றுவிடுவீர்களோ என்றும் கேட்டார். மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் கையை நீட்டினார், கட்டைவிரல் ரேகையும் வைத்தார். சர்க்கரையின் அளவு எழுதிய சீட்டு அனைவருக்கும் கிடைத்தது. இரண்டாவது குழாய் என்ன ஆயிற்று என்று அவ்வூரில் எவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் கேட்கவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் தர்ஸ்டனின் முன்னுரையை மீண்டும் படித்தேன். பணியர் பெண்கள் ஓடிய இடம் வந்தபோது, அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானதாக இருந்தது. அன்று முதல் தர்ஸ்டனைக் குறைகூறும் வரிகளை எழுதும்போதெல்லாம் என் பேனா சற்றுத் தயங்குகிறது.

விதிகள் இப்போது முன்னேறியுள்ளன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017-இல் வெளியிட்ட தேசிய அறநெறி வழிகாட்டுதல்கள், உயிரியல் மாதிரிகளைச் சேமிப்பது, மீண்டும் பயன்படுத்துவது குறித்து விரிவாகப் பேசுகின்றன. புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும் என்கின்றன. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகள், மருத்துவ ஆய்வுகளை மேற்பார்வையிடும் அறநெறிக் குழுக்களின் பதிவைக் கட்டாயமாக்கின. இன்று அத்தகைய முகாமை நான் நடத்தியிருந்தால் அது விதிமீறலாகும். இது நல்ல மாற்றம்.

ஆனாலும், பங்கு என்ற கேள்விக்கு விடை இல்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டின் உயிரியல் வளங்களைக் கொண்டு வணிகப் பயன் பெறுவோர் அதில் ஒரு பகுதியை உரியவர்களுடன் பகிர வேண்டும். மன்னார் வளைகுடாக் கரையோரம் பெண்கள் வளர்த்த கடற்பாசியை ஏற்றுமதி செய்த நிறுவனம் ஒன்று, சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்துக்கு இலட்சக்கணக்கான ரூபாயைப் பலன் பங்காகச் செலுத்தியதுண்டு. பொதிகை மலைக்கு அப்பால், காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து மருந்து உருவானபோது, அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால், அதே சட்டம் உயிரியல் வளம் என்பதை வரையறுக்கும்போது மனித மரபணுப் பொருளை வெளிப்படையாக விலக்குகிறது. கடற்பாசிக்குப் பங்கு உண்டு. அதை வளர்த்த பெண்ணின் இரத்தத்துக்குப் பங்கு கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

மனித உடலைச் சந்தைப் பொருளாக்கக் கூடாது என்ற நல்ல நோக்கம் இந்த விலக்கின் பின்னே இருக்கலாம். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஒரு குழாய் இரத்தத்துக்கு விலை வைத்தால் வரிசையில் நிற்பவர்கள் ஏழைகளாகவே இருப்பார்கள். மேலும், தனியொருவரின் மாதிரிக்குத் தனி மதிப்பு மிகக் குறைவு. ஆயிரக்கணக்கான மாதிரிகளும் அறிவியலாளர்களின் உழைப்பும் சேரும்போதுதான் மதிப்பு பிறக்கிறது. ஆகவே பங்குக்கு இடமில்லை என்று வாதிடுவோர் உண்டு.

அவர்களுக்கு விடை 1889-ஆம் ஆண்டின் தூத்துக்குடிக் கரையில் இருக்கிறது. தனியொரு சிப்பிக்கும் மதிப்பு குறைவே. ஆனால், அதைக் காரணம் காட்டிக் குளித்தவனை எவரும் வெறுங்கையுடன் அனுப்பவில்லை. திறவாத குவியலில் அவனுக்கு ஒரு பங்கு தரப்பட்டது. விலை என்பது வேறு, பங்கு என்பது வேறு. விலை கொடுத்தவுடன் உறவு முடிந்துவிடுகிறது. பங்கு இருக்கும்வரை உறவு தொடர்கிறது.

அந்த உறவு அறுந்தால் என்ன நேரும் என்பதற்கு உலகில் சான்றுகள் பல. 1951-இல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கருப்பினப் பெண்ணின் புற்றுநோய்த் திசு அவர் அறியாமலேயே ஆய்வுக்கு எடுக்கப்பட்டது. அதிலிருந்து பெருகிய உயிரணுக்கள் உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்பட்டன, வணிகப் பொருளாகவும் விற்பனையாயின. அவருடைய குடும்பத்தினர் ஒரு நிறுவனத்துடன் உடன்பாடு காண 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. அரிசோனா மாநிலத்தின் ஹவாசுபாய் பழங்குடியினர் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று தந்த இரத்தம் வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டதை அறிந்து வழக்குத் தொடுத்தனர். 2010-இல் இழப்பீட்டுடன் இரத்த மாதிரிகளையும் திரும்பப் பெற்றனர். நமக்கு அருகே, மன்னார் வளைகுடாவின் மறுகரையிலும் ஒரு சான்று உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த வேடர் மக்களின் ஒன்பது மண்டையோடுகளை 2019-இல் இலங்கையின் வேடர் தலைவரிடம் ஒப்படைத்தது.

நம் நாட்டிலும் காலம் வேகமாக நகர்கிறது. இந்திய மரபணுத் தொகுதித் திட்டத்தில் பத்தாயிரம் பேரின் மரபணுத் தரவுகள் திரட்டப்பட்டு, பரீதாபாத்தின் தேசியத் தரவு மையத்தில் சேமிக்கப்பட்டுள்ளன. கீழடிக்கு அருகே கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகளிலிருந்து முகங்கள் மீட்டுருவாக்கப்பட்டுள்ளன. இவை பெருமைக்குரியவை. நம் மக்களின் நோய்களுக்கு நம் மக்களின் தரவுகளைக் கொண்டே மருந்து காண வேண்டும். எனவே, ஆய்வு வேண்டாம் என்பவன் அல்லன் நான். இரத்தம் தந்தவருக்கும் அந்தக் குவியலில் இடம் வேண்டும் என்றே சொல்கிறேன்.

அந்தப் பங்கு பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தந்த மாதிரி என்ன ஆயிற்று, என்ன கண்டறியப்பட்டது என்பதை அந்த ஊருக்கே திரும்பி வந்து தமிழில் சொல்வது முதல் பங்கு. முன்பு சொல்லாத ஓர் ஆய்வுக்கு அதே மாதிரியைப் பயன்படுத்த விரும்பினால் மீண்டும் கேட்பதும், வேண்டாம் என்றால் ஏற்பதும் இரண்டாவது. மருந்தோ சோதனையோ உருவாகி வணிகப் பயன் கிட்டினால், அதில் ஒரு பகுதி அந்தச் சமூகத்தின் மருத்துவ நலனுக்குச் செல்வது மூன்றாவது. வழிகாட்டுதலில் அறிவுரையாக இருக்கும் இதைச் சட்டக் கடமையாக்க வேண்டும். கடற்பாசிக்கு இயற்ற முடிந்த சட்டத்தை மனிதருக்கு இயற்ற முடியாதா?

தர்ஸ்டன் தூத்துக்குடிக் கரையில் மூன்று குவியல்களையும் பார்த்தார், எண்ணினார், எழுதினார். மலைகளுக்குச் சென்றபோது மூன்றாவது குவியலை மறந்துவிட்டார். அந்த முகாமில் நானும் மறந்தேன். அந்த மூதாட்டி இன்று இருக்க வாய்ப்பில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அடுத்த முறை அந்தக் கரையில் ஊசியுடன் வந்து அமர்பவர்கள், அதற்கான விடையையும் கையோடு கொண்டுவர வேண்டும்.